கேக்கறவன் மட்டும் வா

சாயங்காலம் ஆறே முக்கால்.

காட்டு ரோடு. பாதி தார், பாதி சரளை. இரண்டு பக்கமும் மரங்கள். நனைந்த பழைய போர்வை மாதிரி அழுக்கு வெள்ளையில் பனிமூட்டம். கையை நீட்டினால் முழங்கை வரைக்கும்தான் தெரியும். மிச்சக் கை இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த ரோட்டில் ஒரு சத்தம்...

ணங்... ணங்... ணங்...

பையில் கட்டித் தொங்கவிட்ட தகரக் குவளை, நடக்க நடக்க இடித்துக்கொள்ளும் சத்தம்.

அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். இது எனக்கு நடந்தது இல்லை. எங்கள் ஆபீஸில் கணக்குப் பார்ப்பவரின் கூடப் பிறந்த அக்காவுக்கு நடந்தது. அவர் கதை கட்டுகிற ஆள் இல்லை. லீவு போடுவதற்குக்கூட நிஜமான காய்ச்சல் வரும்வரை காத்திருக்கிற மனுஷர். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

அந்த அக்காவை எல்லாரும் விசிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் வேலையை, ஹெட்மாஸ்டர் மூஞ்சிக்கு முன்னால் சாவிக்கொத்தை வைத்துவிட்டு உதறியவள். அதற்குப் பிறகு ஒரு அமைப்பில் சேர்ந்தாள். கவனம் ஓரிடத்தில் நிற்காத பிள்ளைகள், எழுத்துக் கூட்டத் திணறுகிற பிள்ளைகள்... பதினைந்து வயதிலிருந்து பதினெட்டு வரைக்கும்... அவர்களை ஒரு வாரம் காட்டுக்குக் கூட்டிப்போவார்கள். கூடாரம் அடிப்பது, கயிறு ஏறுவது, ஆற்றைத் தாண்டுவது, வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பது. வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தப்பட்டவர்கள் ஒரு தடவையாவது மலை மேல் ஏறி நிற்கட்டும் என்பது கொள்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். கூட்டிப்போகிறவளுக்குத்தான் தொண்டை போகும்.

அந்தக் கூட்டத்தில்தான் பட்டாணி இருந்தான்.

பதினாறு வயது. ஒல்லி. உட்காரத் தெரியாது, நிற்கத் தெரியாது. வாணலியில் போட்ட பட்டாணி மாதிரி ஏதாவது ஒரு பக்கம் தெறித்துக்கொண்டே இருப்பான். ஷூ லேஸ் இரண்டும் எப்போதும் தரையில் இழுபடும். கையில் ஒரு துண்டுக் கயிறு. முடிச்சுப் போடுவான், அவிழ்ப்பான், போடுவான், அவிழ்ப்பான். எறும்பு வரிசை கண்ணில் பட்டால் அதோடு போய்விடுவான். முதல் நாளே இரண்டு தடவை தொலைந்தான். அதனால்தான் விசிலக்கா அவன் பையில் அந்தத் தகரக் குவளையைக் கட்டினாள். மாட்டுக்கு மணி கட்டுகிற மாதிரி. கண்ணில் படாவிட்டாலும் காதில் விழுவான் இல்லையா?

நடக்கும்போது அவனிடம் ஒரே ஒரு கேள்விதான்.

"இன்னும் எவ்வளவு நேரம்க்கா?"

"பேசாம வாடா."

இரண்டு மரம் தாண்டினால் மறுபடி. "இன்னும் எவ்வளவு நேரம்க்கா?"

"பேசாம வாடா."

ஊரைவிட்டுக் கிளம்பும் முன்னால் அவன் அம்மா ஆபீஸுக்கு வந்திருந்தார். தையல்காரர். கழுத்தில் போட்ட அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து ஓடி வந்தவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"எல்லாரும் சொல்லிட்டாங்க மேடம். ஸ்கூல்ல, டியூஷன்ல, அவனைப் பெத்த அப்பா... எல்லாரும். 'இவன் சொன்னா கேக்க மாட்டான்'னு. கேட்டுக் கேட்டு அவனே அதைத்தான் தன்னோட பேருன்னு நினைச்சிக்கிட்டான். நீங்க ஒருத்தராவது அதைச் சொல்லாம என் பிள்ளையைக் கொண்டு வந்து விடுங்க. வேற எதுவும் வேண்டாம்."

"சொல்ல மாட்டேன்மா" என்றாள் விசிலக்கா. மனதாரத்தான் சொன்னாள்.

இந்தப் பிள்ளைகளிடம் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். முகத்துக்கு நேரே போய் நிற்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். சொன்னதும், 'திருப்பிச் சொல்லு' என்று கேட்க வேண்டும். பிள்ளை திருப்பிச் சொன்னால்தான் காதில் ஏறியதாகக் கணக்கு. சொல்லிவிட்டால் உடனே 'சபாஷ்' போட வேண்டும்.

மற்றவர்கள் இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டார்கள். பட்டாணி?

"பட்டாணி, பாட்டில்ல தண்ணி பிடிச்சிட்டு வா. திருப்பிச் சொல்லு."

"பாட்டில்ல... அக்கா, அந்தக் குருவிக்கு ஏன் வால் ரெண்டா பிரிஞ்சிருக்கு?"

"பாட்டில்."

"எந்த பாட்டில்?"

ஒரு வாரமும் இதேதான். ஒரு வேலையையும் ஒருமுறைகூட அவன் திருப்பிச் சொல்லவில்லை. நடுவில் ஒரு நாள் எல்லாரும் தண்ணீர் இல்லாமல் நாக்கு வறண்டு கிடந்தபோது, தன் பாட்டுக்கு எங்கோ போய் ஒரு ஊற்றைக் கண்டுபிடித்துக் குதித்துக்கொண்டு வந்தவனும் அவன்தான். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் திரும்பி வரும்போது கூடார ஆணிகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தான்.

கடைசி நாள். காலையிலேயே கோணல். கூட வந்த கயிறு மாஸ்டர் பாறையில் சறுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். அவரை முன்னாலேயே கைத்தாங்கலாகக் கீழே இறக்கி வேனில் உட்கார வைக்க வேண்டியதாகிவிட்டது. அப்புறம் மொத்தக் கூட்டத்துக்கும் விசிலக்கா ஒருத்திதான். வரைபடத்தை யார் வைத்திருந்தது? பட்டாணி. வரைபடம் எங்கே? அவனுக்குத் தெரியாது. மதியமே ரோட்டுக்கு வந்திருக்க வேண்டியவர்கள், இருட்டுக்கு முன்னால் வந்ததே பெரிய விஷயம். கவனம் நிற்பதற்காகக் காலையில் போட்ட மாத்திரையின் வேகம் பிள்ளைகளுக்கு இறங்கியிருந்தது. வரிசை, வரிசையாகவே இல்லை. ரேடியோ என்கிற பெண் பிள்ளை நிறுத்தாமல் பேசிக்கொண்டு வந்தாள். வக்கீல் என்கிற பையன் நிறுத்தாமல் வாதாடிக்கொண்டு வந்தான். வக்கீலுக்கு எழுத்தெல்லாம் கண் முன்னால் நடனம் ஆடும். ஒரு பக்கம் படிக்க அரை நாள் ஆகும். ஆனால் காதால் கேட்டதை ஒரு சொல் பிசகாமல் வைத்திருப்பான்.

பனிக்குள்ளே வேனின் மஞ்சள் விளக்கு சிமிட்டுவது தெரிந்தது. டிரைவர் ஹார்ன் அடித்தார்.

"ஏறும்மா சீக்கிரம். இந்தப் பனியில மலை இறங்கறதுக்குள்ள எனக்குத் தாடி முளைச்சிடும்."

ஒவ்வொருவராக ஏறினார்கள். விசிலக்கா கதவருகே நின்று ஒவ்வொரு தோளாகத் தொட்டு ஏற்றினாள். கடைசித் தோளைத் தொடக் கையை நீட்டினாள்.

தோள் இல்லை.

குவளைச் சத்தம் எப்போது நின்றது? அவளுக்கே தெரியவில்லை.

"பட்டாணி!"

விசிலை ஊதினாள். பனி அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கிக்கொண்டது. வந்த வழியில் திரும்பி நடந்தாள். வேன் விளக்கு ஒரு மங்கலான கறையாகிற தூரம் வரைக்கும். ஒரு வாசனை வந்தது. மழை பெய்யாதபோது வருகிற ஈர வாசனை... ரொம்ப நாளாக மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, ஈரக் கல்லின் வாசனை. அது.

அப்போது...

ணங்...

மேட்டுப் பக்கம். மரங்களுக்குள்ளே.

"இன்னும் எவ்வளவு நேரம்க்கா?"

அவள் உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. பக்கத்தில்தான் நிற்கிறான். விளையாடிக்கொண்டு நிற்கிறான்.

"பட்டாணி, வண்டிக்கு வா. திருப்பிச் சொல்லு."

"அக்கா, இங்க ஒருத்தர்..."

"வண்டிக்கு வா. திருப்பிச் சொல்லு."

"இல்லக்கா, இங்க ஒருத்தர் என்னை மாதிரியே..."

பின்னால் ஹார்ன். நீளமாக. வேனுக்குள் யாரோ அழுகிறார்கள், யாரோ அவர்களைக் கேலி செய்கிறார்கள். விசிலக்காவுக்குக் காலெல்லாம் கொப்புளம். தொண்டையில் ரத்தம் கசிகிற மாதிரி எரிச்சல். ஒரு வாரமாக விழுங்கி விழுங்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"போதும்டா! சொன்னதைக் கேக்கறவன் மட்டும் வண்டிக்கு வா. கேக்காதவன் அங்கேயே நில்லு!"

பாருங்கள்... பேர் சொல்லவில்லை. முகத்தைப் பார்க்கவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு வேலை சொல்லிவிட்டாள். அந்தத் தொழிலில் எதையெல்லாம் செய்யக் கூடாதோ, அத்தனையையும் பனியைப் பார்த்துக் கத்திவிட்டாள். எந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்று அந்தத் தாய்க்கு வாக்குக் கொடுத்தாளோ... அதையும்.

சத்தம் அடங்கியது. பூச்சிகள்கூட வாயை மூடிக்கொண்டன.

அப்புறம் பனிக்குள்ளிருந்து பட்டாணியின் குரல். நிதானமாக. நடுவில் மூச்சே எடுக்காமல்.

"சொன்னதைக் கேக்கறவன் மட்டும் வண்டிக்கு வரணும். கேக்காதவன் அங்கேயே நிக்கணும்."

விசிலக்கா அப்படியே நின்றுவிட்டாள். ஒரு சொல் சிந்தவில்லை, ஒரு சொல் கூடவில்லை. ஒரு வாரமாக இதற்காகத்தான் தொண்டை கிழியக் கத்தினாள். கோபமெல்லாம் வடிந்துபோனது. கண் கலங்கிவிட்டது. பழக்க தோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

"சபாஷ்டா. வா."

வந்தான்.

பனியை விலக்கிக்கொண்டு, ரோட்டின் நட்டநடுவில், நேராக. எங்கேயும் திரும்பிப் பார்க்காமல். பையில் குவளை தொங்கியது. இடமும் வலமுமாக ஆடியது. பையின் இரும்புக் கொக்கியில் இடித்தது.

சத்தம் வரவில்லை.

அவள் அதைக் கவனித்தாள்தான். கவனித்ததும் மனசு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டது. துணி ஏதாவது சிக்கியிருக்கும்... நேரமாகிறது... எல்லாரும் பத்திரம். தோளைத் தொட்டு ஏற்றினாள். சட்டை சொட்டச் சொட்ட ஈரம். ஷூ லேஸ் இரண்டும் கட்டியிருந்தன. இரண்டு காலிலும் ஒரே அளவு வளையம்.

"சீட் பெல்ட் போடு."

"சீட் பெல்ட் போடணும்." போட்டான். இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டான்.

கயிறு மாஸ்டர் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்லையே! காட்டுல எதாவது மூலிகை குடுத்தீங்களா?"

வேன் கிளம்பியது. வளைவுக்கு மேல் வளைவு. பட்டாணி ஆடவில்லை. வண்டி சாய்ந்தால் எல்லாரும் சாய்கிறோமே... அவன் சாயவில்லை. கயிற்றுத் துண்டு சட்டைப் பையில் இல்லை, கையிலும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ரேடியோ பேச்சை நிறுத்தினாள். பிறந்ததிலிருந்து அவள் பேச்சை நிறுத்தியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வக்கீல் மெல்ல எழுந்து முன்னால் வந்து, விசிலக்காவின் சீட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

"எழுந்து உன் சீட்டுக்குப் போ."

"அக்கா, அவன் ஒரு தடவைகூடக் கேக்கலை."

"என்ன கேக்கலை?"

"இன்னும் எவ்வளவு நேரம்னு."

"நல்லதுதானே? நீயும் கொஞ்சம் வாயை மூடு."

வக்கீல் மூடவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டான். "நீங்க ரெண்டு பேருக்குச் சொன்னீங்கக்கா. கேக்கறவன் வரணும்னு ஒண்ணு. கேக்காதவன் நிக்கணும்னு ஒண்ணு. கேக்கறவன் வந்துட்டான்."

"உளறாதே."

"அப்ப நிக்கறது யாரு?"

ஒரு அதட்டு அதட்டி உட்கார வைத்தாள். அவளும் மனுஷிதானே. அசதி. வீடு, வெந்நீர், படுக்கை... இதைத் தவிர வேறெதுவும் அப்போது அவள் மண்டையில் ஏறவில்லை.

பட்டாணி வீட்டில், அவன் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். பையன் இறங்கினான். "பையை உள்ள வைப்பா" என்றார் அம்மா. "பையை உள்ள வைக்கணும்" என்றான். வைத்தான். "கை கால் கழுவு." "கை கால் கழுவணும்." கழுவினான். அந்த அம்மா விசிலக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுத அழுகை இருக்கிறதே...

அடுத்த மாதமெல்லாம் போன்மேல் போன். ஸ்கூலில் பாராட்டினார்களாம். பையன் அசையாமல் உட்கார்ந்து பரீட்சை எழுதினானாம். அப்பாவே தோளில் தட்டிக் கொடுத்தாராம். அமைப்பின் டைரக்டர் அவன் போட்டோவைப் பெரிதாக அச்சடித்து வரவேற்பறையில் மாட்டிவிட்டார். அங்கே மாட்டியிருந்த மற்றப் போட்டோக்களில் எல்லாப் பிள்ளைகளும் கொஞ்சம் கலங்கலாக இருப்பார்கள், கையோ தலையோ அசைந்திருக்கும். இவன் மட்டும் கல்வெட்டு மாதிரி. விசிலக்கா அந்தச் சுவரைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டாள்.

அப்புறம் ஒரு மத்தியானம் அந்த அம்மா நேரில் வந்தார். அதே நாற்காலி. அதே நுனி.

"மேடம்... சாப்பிடுன்னு சொன்னாதான் சாப்பிடறான்."

"ம்."

"போதும்னு சொன்னாதான் நிறுத்தறான். தூங்குன்னு சொன்னாதான் கண்ணை மூடறான். நான் பத்து வேலைக்கு நடுவுல என்னத்தைன்னு ஞாபகம் வச்சிக்கறது? முந்தாநாள் அவசரத் துணி ஒண்ணு. 'கொஞ்சம் இருடா'ன்னு சொல்லிட்டு மெஷின்ல உக்காந்துட்டேன். அப்படியே அசந்துட்டேன். விடிஞ்சு எழுந்து பார்த்தா..."

அளவு நாடாவின் நுனியை விரலில் சுற்றினார். அவிழ்த்தார்.

"சொன்ன இடத்துலயே நிக்கறான் மேடம். ராத்திரி பூரா. காலடியில தண்ணி தேங்கி நிக்குது. நம்ம வீட்டுக் கூரை ஒழுகாது."

விசிலக்கா தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்கு என்னென்னவோ தோணுது. பெத்தவ பேசற பேச்சான்னு நினைக்காதீங்க. ஒரே ஒரு தடவை, பழைய மாதிரி என் உசிரை வாங்கினான்னா போதும்னு இருக்கு. என் பையன் எங்க மேடம்?"

அந்தக் கேள்வியை அவர் பேச்சுவாக்கில்தான் கேட்டார். விசிலக்காவுக்கு அது பேச்சுவாக்காகக் கேட்கவில்லை.

அன்றைக்கே கிளம்பினாள். டைரக்டரிடம் சொன்னாளா? 'சுவரில் மாட்டியிருக்கிறீர்களே, அது அவன் இல்லை' என்று எப்படிச் சொல்வது? டிரைவரை மட்டும் கெஞ்சிக் கூட்டிக்கொண்டாள். வழியெல்லாம் அவர் முணுமுணுத்தார். இருட்டுகிற நேரத்துக்கு அந்த ரோடு. பாதி தார், பாதி சரளை. பனி. மரத்தோரம் ஒரு துண்டுக் கயிறு கிடந்தது. அதில் முடிச்சு மேல் முடிச்சு. விரல் நுழைய இடமில்லாமல் முடிச்சு. பொழுது போகாமல் ஒருத்தன் போட்டுக்கொண்டே இருந்த மாதிரி.

"இன்ஜினை நிறுத்துங்கண்ணே."

நிறுத்தினார். ஈரக் கல்லின் வாசனை.

ணங்...

ரொம்ப மேலே. ரொம்ப உள்ளே. இந்தத் தடவை முறைப்படி சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். பேர் சொல்லி. ஒரே ஒரு வேலை. முகம்தான் எங்கே என்று தெரியவில்லை.

"பட்டாணி... வாடா கண்ணு."

"வரணும்."

இடது பக்கம். பட்டாணி குரல்.

"வரணும்."

வலது பக்கம். அதே குரல்.

"வரணும்." முன்னால். "வரணும்." அதற்குப் பின்னால். "வரணும்... வரணும்..." மேட்டில், பள்ளத்தில், மரத்துக்கு மரம். ஒரு சொல் பிசகாமல், மூச்சே எடுக்காமல், அத்தனையும் அவன் குரலில். காலடிச் சத்தம் இல்லை. பனி மட்டும் அங்கங்கே ஆள் உயரத்துக்குக் கெட்டியாகி, அவளை நோக்கி வந்தது. வாசனை மூக்கில் ஏறி மூச்சை அடைத்தது. டிரைவர் சாவியைத் திருகுகிறார். இன்ஜின் இருமுகிறது, பிடிக்கவில்லை.

அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

"நில்லு!" என்று அலறினாள். "யாரும் வரக் கூடாது. அங்கேயே நில்லு!"

"அங்கேயே நிக்கணும்."

"அங்கேயே நிக்கணும்."

"அங்கேயே நிக்கணும்..."

எல்லாம் நின்றன. இவ்வளவு கிட்டத்தில்... கையை நீட்டினால் முழங்கைக்கு அந்தப் பக்கம். சொன்னதைக் கேட்கிறவை இல்லையா, அப்படியே நின்றன. இனி 'வா' என்று சொன்னால் அத்தனையும் வரும். சொல்லாவிட்டால் நிஜப் பட்டாணி வர மாட்டான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவள் சொன்னதைக் கேட்டு, சொன்ன இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறான்.

கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்புறம்... அவை எல்லாவற்றுக்கும் பின்னால், மலைக்கு உள்ளேயிருந்து வருகிற மாதிரி, தகரக் குவளை ஒரு தடவை இடித்தது. மெல்லிசாக, அலுத்துப்போய், அழுகைக்குப் பக்கத்தில் ஒரு குரல்.

"இன்னும் எவ்வளவு நேரம்க்கா?"